மூன்று முறை தட்டியவர்

2007 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வந்தது; பதினோரு குடம். முகச்சவரம், குளியல், நான்கு இட்லி. எட்டு இருபதுக்குச் சைக்கிளில் கிளம்பி எட்டு நாற்பதுக்கு யூனிட்டில் கையெழுத்துப் போட்டேன். சூளையிலிருந்து இரண்டு டிராலி சரக்கு இறங்கியது. மதியம் தயிர்சாதம், நாரத்தங்காய். மாலை ஐந்தரைக்கு வீடு. அந்தப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருக்கிறது: "அக்காவின் மகன் போன் அனுப்பியிருக்கிறான். டவர் இல்லை."

சென்ற மாதம் அலமாரியைத் துடைத்து நாட்குறிப்புகளை வருட வரிசையில் அடுக்கியபோது இந்த வரி கண்ணில் பட்டது. நின்றபடியே அடுத்த நாற்பத்தாறு பக்கங்களையும் படித்தேன். அந்த அக்காவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் மின்சாரப் பீங்கான் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. பியூஸ் கேரியரும் அதற்கான அடிக்கட்டையும்தான் சரக்கு. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, ஸ்டோர் பொறுப்பு. அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தரம் பிரிக்கும் மேசையில் தலைமை. மேசையில் இருந்த ஏழு பெண்களும் அவரை அக்கா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பெயர் பதிவேட்டில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மேசையில் வேலை இதுதான். சூளையில் வெந்து வந்த ஒவ்வொரு துண்டையும் இடது கையில் தொங்கவிட்டு வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். நல்ல பீங்கான் ணங்கென்று மணி போல் ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் டொக்கென்று செத்த சத்தம். டொக்கென்றதை உடனே கழித்துவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாங்கி இரண்டாம் முறை தட்டுவார். அவருக்கும் டொக்கென்றால் கூடைக்குப் போகும். கூடை இரவு முழுவதும் அப்படியே இருக்கும். சூடு ஆறாத பீங்கான் சில சமயம் பொய் சொல்லும் என்பதால் அந்த ஏற்பாடு. மறுநாள் காலை முதல் வேலையாக அக்கா அந்தக் கூடையை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்றாம் முறை தட்டுவார். அப்போதும் டொக்கென்றால் சுத்தியலால் அவரே உடைப்பார். உடைக்காமல் விட்டால் யாராவது எடுத்துப்போய் விற்று, எங்கோ ஒரு வீட்டில் தீப்பிடிக்கும்.

மற்றவர்களுக்கு இது மேசை வேலை. அவர் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்த்தார். காவலாளி தூங்கி மாட்டிக்கொண்டபோது, "மொத தடவதான சார், ஆறட்டும்" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு லோடில் நாற்பது கேரியர் குறைகிறது என்று முதலாளி என்னை எல்லார் முன்னும் திட்டினார். நான் இரண்டு தடவை எண்ணியும் குறைந்தது. அக்கா மேசையில் இருந்தபடியே, "இன்னொரு தடவ எண்ணட்டுங்களே. ரெண்டுதான ஆயிருக்குது" என்றார். மூன்றாவது எண்ணிக்கையில் ஒரு பெட்டி வைக்கோலுக்கு அடியில் கிடைத்தது. அதற்கு நான் நன்றி சொன்னபோது, "கெடைக்காம இருந்திருந்தா நானே போவச் சொல்லியிருப்பேன் சார்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

மூன்றுக்கு மேல் அவரிடம் இடம் கிடையாது. அதே காவலாளி மூன்றாம் முறை தூங்கியபோது, முதலாளிக்கு முன்பே அக்காதான் அவருடைய தூக்குவாளியை எடுத்துக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றார்.

மேசைப் பெண்கள் இதை வைத்து அவரைக் கேலி செய்வார்கள்.

"அக்கா, பொண்ணு பாக்க வந்தப்ப மாமாவையும் தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. ரெண்டு தடவதான் தட்டுனேன். அதான் இப்ப வேப்பூருல இருக்குது."

கணவர் வேப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். பொங்கலுக்கு வருவார், மூன்றாம் நாள் பஸ் ஏறுவார். அவரைப் பற்றி அக்கா இந்த அளவோடு நிறுத்திக்கொள்வார். மகனைப் பற்றி அதுவும் பேசமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் கப்பலில் வேலைக்குப் போனான், வீட்டுக்குப் பேசுவதில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அந்த மகன்தான் போன் அனுப்பியிருந்தான். அவனோடு அதே கப்பலில் வேலை செய்த சேத்தியாத்தோப்புத் தம்பி ஒருவர் விடுமுறையில் வந்தார். அவர் போனைக் கொண்டுவந்து கொடுத்து, அக்கா பேரில் ஒரு சிம்மும் வாங்கிப் போட்டு, அந்த எண்ணை மகனுக்குச் சொல்லிவிட்டார். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய போன். அங்கே ஒரு கம்பெனி தன் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டி விற்பதாம். இவன் அந்தப் பூட்டை எடுக்கச் செய்து, எந்த ஊரிலும் எந்தக் கம்பெனி சிம்மும் போடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மூடித் திறக்கும் போன், வெள்ளி நிறம். அக்கா அதை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கை முட்டியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். மேசையே சிரித்தது.

"சத்தம் நல்லாத்தான் இருக்குது" என்றார். டவர்க் கோடு ஒன்றுகூட இல்லை.

என்னிடம் அப்போது இருந்தது ஒரு கம்பெனி மலிவாகக் கொடுத்த போன். அதில் சிம் போடும் இடமே கிடையாது. எந்தக் கம்பெனி கொடுத்ததோ அதோடு பிறந்து அதோடு சாக வேண்டிய போன். அது மேசை மேலே முழு டவரோடு இருந்தது. எந்தப் பூட்டும் இல்லாத போன் பக்கத்தில் ஊமையாகக் கிடந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது எங்கள் எலக்ட்ரீசியன். "பின்ன? சுத்தி முப்பதாயிரம் பீங்கான் கெடக்குது. கரண்ட்டையே நிறுத்துற சாமான். டவரு எம்மாத்திரம்?"

"சார் போனு எடுக்குதே" என்றாள் ஒரு பெண்.

"அது உள்ளூரு போனு. பீங்கானோட பழகிடுச்சி. இது வெளிநாடு."

இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. மின்சாரத்தைத் தடுக்கும் பொருளைச் செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பொருளின் சக்தியில் எங்களுக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். ஆகஸ்ட் 7-ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, இருக்கிறது: "பீங்கான் டவரை மறைக்கிறது."

போனைத் துணிப்பையில் போட்டு கேட்டருகே இருந்த வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். மணி அடித்தால் புதுக் காவலாளி கூப்பிட வேண்டும். அடிக்கவில்லை. வீட்டிலும் டவர் இல்லை என்றார் அக்கா. ஊறுகாய் ஜாடி இருக்கிறதா என்று எலக்ட்ரீசியன் கேட்டார். ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது, கூடவே நான்கு டீக் கோப்பையும். அப்போதும் இல்லை. மீட்டர் பெட்டியில் பியூஸ் இருக்கிறதே என்றார் எலக்ட்ரீசியன். அதை எடுத்தால் வீடு இருட்டாகிவிடும். அந்த யோசனை அங்கே நின்றது.

பாலக்கரையில் ஒரு போன் கடைக்கு நானும் அக்காவும் போனோம். கடைக்காரர் சிம்மைக் கழற்றி வேறு செட்டில் போட்டார். நான்கு கோடு. அந்த சிம்மையே திரும்ப இதில் போட்டார். பூஜ்யம்.

"செட்டுதாங்க கோளாறு. தூக்கிப் போட்டுட்டு சாதாரண செட்டு ஒண்ணு வாங்கிக்குங்க."

சிம் கம்பெனிக்கு என் போனிலிருந்து பேசினேன். எங்கள் செட் இல்லை, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இன்னொரு கடைக்காரர் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, செட் நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனியைக் கேளுங்கள் என்றார். இவர்கள் அந்தப் பக்கம் தள்ளினால் அவர்கள் இந்தப் பக்கம் தள்ளினார்கள்.

திரும்பும் வழியில் நானும் சொன்னேன். "அக்கா, மூணு எடத்துல காட்டியாச்சு. வேற செட்டுல சிம்ம போட்டுப் பேசுங்க. கால் வந்தாப் போதும்ல?"

மூன்று ஆகிவிட்டது என்பதை நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் போனைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் ஒன்றை நான்காம் முறை பார்க்கப் போகிறார் என்பதை அன்றுதான் முதலில் கண்டேன்.

செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. சேத்தியாத்தோப்புத் தம்பி அக்கா வீட்டுக்கு வந்தார். மறுநாள் உணவு நேரத்தில் ஸ்டோருக்கு வந்து அக்கா அதை என்னிடம் சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரெண்டு தடவ கூப்ட்டிருக்கான் சார். ரெண்டு தடவயும் இங்க சாயங்காலம் ஆறு மணி வாக்குல. தொடர்புல இல்லன்னே சொல்லியிருக்குது. அம்மா நான் அனுப்புனத வச்சிருக்குதா, தூக்கிப் போட்டுச்சான்னு அந்தத் தம்பிய கேட்டானாம். இப்ப கப்பலு நடுக் கடல்ல. இந்த மாசம் மூணாவது வாரம் கரைக்கி வருதாம். இன்னும் ஒரு தடவ கூப்புடுவேன், அதோட உட்டுடுவேன்னு சொன்னானாம்."

"நம்மகிட்டேருந்து சொல்ல வழி இல்லியா?"

"அந்தத் தம்பிக்கும் அவன் கூப்ட்டாத்தான் உண்டு."

பிறகு அவராகவே சொன்னார். மகன் இங்கேதான் பீங்கான் டிப்ளமோ படித்தான். ஒரு பேப்பரில் மூன்று தடவை தவறினான். மூன்றாவது தடவை மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது இவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணு தடவ பாத்தாச்சு. நீ ரிஜெக்ட்டு" என்றார். எங்கள் மேசையில் கூடைக்குப் போடும்போது சொல்லும் சொல். அந்த வாரமே அவன் சென்னைக்குப் போய்விட்டான்.

"தட்டுன கையில கோளாறு இருந்தா, எத்தினி தடவ தட்டி என்னா சார்" என்றார்.

மறுநாள் காலை கூடையை வேறொரு பெண்ணிடம் தள்ளினார். "நீ பாருடி. எனக்குக் கை வலிக்குது." சுத்தியலும் அந்தப் பெண்ணிடம் போனது. அன்றிலிருந்து தினமும் அப்படியே.

வேறு செட் வாங்கிப் பேசலாம் என்று நான் மறுபடி சொன்னேன். "எதுல பேசுறேன்னு கேப்பான் சார். எனக்குப் பொய் சொல்ல வராது. இத தூக்கிப் போட்டேன்னு சொன்னா, திரும்பவும் அவனையே சொன்ன மாதிரிதான்."

செப்டம்பர் 9, ஞாயிறு. அக்காவிடம் போனை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றினேன். இடம், நேரம், கோடு என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டேன். பீங்கான் இல்லாத இடங்களாகத் தேர்ந்தெடுத்தேன்: மணிமுத்தாற்று மணல், பள்ளி மைதானம், அரச மரத்தடி, ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லை. மின்கம்பம் வந்தால் சைக்கிளை எதிர்ப்பக்கம் ஓட்டினேன். இருபத்திரண்டு இடம். இருபத்திரண்டு பூஜ்யம். பதினொன்றேகாலுக்கு ஜங்ஷன் ரோட்டில் சைக்கிள் செயின் கழன்றது. ஒரு டிரான்ஸ்பார்மர் வேலியில் சைக்கிளைச் சாய்த்து, செயினை மாட்டிக் கையைத் துடைத்தபோது, சட்டைப் பையில் போன் கூவியது. கம்பெனி அனுப்பிய வரவேற்புச் செய்தி. மூன்று கோடு. அண்ணாந்து பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் தலை முழுக்கப் பீங்கான்.

மறுநாள் மதியம் அக்காவை அங்கே அழைத்துப்போனேன். வேலிக்கு வெளியே நின்று எண்ணினார். மேலே ஆறு. கீழே கதவு உடைந்த பெட்டிக்குள் மூன்று பியூஸ் கேரியர். கையில் போன் மூன்று கோட்டோடு இருந்தது.

"பீங்கான் மேல பழியப் போட்டுட்டோமே சார்" என்றார். "பாவம், ஜாடிய வேற வூட்ட வுட்டுத் தள்ளிட்டேன்."

விளக்கம் அந்த வாரமே கிடைத்தது. எதிரில் இருந்த டீக்கடையில் டவர் பராமரிப்பு வேலை செய்கிற ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனை வாங்கிப் பின்மூடியைக் கழற்றிப் படித்தார்.

"பூட்டைத் தொறந்துட்டாங்க சார். ஆனா காத மாத்த முடியாதுல்ல. நம்ம ஊருல தொள்ளாயிரம், ஆயிரத்து எண்ணூறுன்னு ரெண்டு அலை. இந்தச் செட்டுக்குத் தொள்ளாயிரம் கேக்காது. ஒங்க கம்பெனி ஊரு பூரா தொள்ளாயிரத்துலதான் ஓட்டுது. ஜங்ஷன்ல கூட்டம் ஜாஸ்தின்னு இங்க மட்டும் ரெண்டாவதையும் போட்டிருக்காங்க. ஆயிரத்து எண்ணூறுல ஓட்டுற வேற கம்பெனி சிம்மு போட்டா ஊரு பூரா எடுக்கும்."

"நம்பர் மாறுமா?"

"மாறாம? அது வேற கம்பெனிங்க."

நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதி அப்போது கிடையாது. நம்பர் வேண்டுமென்றால் செட்டை விட வேண்டும். செட் வேண்டுமென்றால் நம்பரை விட வேண்டும். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். இரண்டும் வேண்டுமென்றால் இந்த டிரான்ஸ்பார்மர் அடி.

"அப்ப இங்கியே நின்னுக்கறேன்" என்றார் அக்கா.

செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை முதல் தினமும் நாலே முக்காலுக்கு அவரை அனுப்பினேன். ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டதாகப் பதிவேட்டில் எழுதினேன். என் பதிவேடுகளில் நான் தெரிந்தே எழுதிய தவறு அது ஒன்றுதான். அவர் ஏழு மணிவரை நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் நின்றார். யூனிட் மூடியதும் நானும் அந்த வழியாக வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். அக்காவை வேலி ஓரத்தில் பார்த்துப் பார்த்து டீக்கடைக்காரர் மூன்றாம் நாள் ஒரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டார். "கரண்ட்டு ஆபீசுல வேலயாக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பியூஸ எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஸ்டூலில் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒரு கோடு குறைகிறது என்றார். நான் நேரில் போய்ச் சோதித்தேன். உண்மைதான்.

செப்டம்பர் 20, வியாழக்கிழமை. மழை தூறியது. அவர் முந்தானையால் போனை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குடை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி நான்கு அடி வைத்திருப்பேன். மணி அடித்தது. என் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. விலகிப் போய்விடலாம் என்று நினைத்தேன், போகவில்லை.

"யாரு" என்றார் முதலில். பிறகு ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடியும் வரை காதில் அழுத்தியபடி நின்றார்.

"கேக்குது. கேக்குதுடா. சாப்ட்டியா... அங்க விடிஞ்சிடுச்சா... ம்... உன் செட்டுலதான் பேசறேன். வேற செட்டு ஏது எங்கிட்ட."

அவன் ஏதோ கேட்டான். அவர் அண்ணாந்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார்.

"நீ குடுத்தது நல்லாத்தான்டா இருக்குது. எங்க நின்னு பேசணும்னு எனக்குத்தான் தெரியாம போச்சி."

அதற்குப் பிறகு அவர் பேசியது மழையில் எனக்குக் கேட்கவில்லை. ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் போனை மூடினார். கைக்குட்டையில் சுற்றினார். குடையை என்னிடம் நீட்டி, "நனஞ்சிட்டீங்க சார்" என்றார். அடுத்த துறைமுகத்தில் கூப்பிடுவானாம். வேறு கம்பெனி சிம் வாங்கி நம்பரை அவன் நண்பரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் சொன்னார். நானும் அவ்வளவுதான் கேட்டேன்.

அன்று இரவு உணவுக்கு முன் ஆகஸ்ட் 7-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, அடிக்கோடு போட்ட வரிக்குப் பக்கத்தில் "தவறு" என்று எழுதித் தேதி போட்டேன்.

செப்டம்பர் 21, வெள்ளி. எட்டு நாற்பதுக்கு நான் உள்ளே நுழைந்தபோது அக்கா மேசையில் இருந்தார். முந்தின நாள் கூடையை அந்தப் பெண் இழுக்கப் போனாள். "வுடு, நான் பாக்கறேன்" என்று வாங்கி மடியருகே வைத்துக்கொண்டார். சுத்தியலையும் கேட்டு வாங்கினார். கூடையில் பதினேழு இருந்தன. ஒவ்வொன்றையும் இடது கையில் தொங்கவிட்டு, காதருகே கொண்டுபோய், ஒரே ஒரு தட்டு. டொக்கென்றதை உடைத்தார். பதினொன்றாவது ணங்கென்றது. அதைத் துடைத்து நல்ல சரக்கோடு வைத்துவிட்டுப் பன்னிரண்டாவதை எடுத்தார்.